பயிலுநர்களைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் இருக்கும் ஆசிரியையை இழந்துவிடாதீர்கள்

மாதர் சங்கம் நடத்தும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு அரசாங்க வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் பயிலுநர்களைப் பெறலாமா, அதனால் நிலையம் தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சங்கத்தின் தலைவியாகவோ பொருளாளராகவோ இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்க வழியில்லாத இடத்தில்தான் இந்தக் கேள்வி எழும். தாராளமாகப் பெறலாம். ஆனால் அவர்கள் வந்துவிட்டார்கள் என்ற துணிவில், குறைந்த காசுக்கு இத்தனை காலம் நின்றவரைக் கைவிட்டுவிடக் கூடாது.

நான் திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிப் பக்கத்து முன்பள்ளி ஒன்றில் ஆசிரியை. வெங்காயத் தோட்டங்களுக்கும் கடற்கரை விடுதிகளுக்கும் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளே எங்களிடம் அதிகம். கட்டடம் சங்கத்துடையது, மாதக் கட்டணத்தைப் பெற்றோர் முடிந்தபோது தருவார்கள், அதற்கு மேல் மாகாணத்திலிருந்து ஒரு சிறு கொடுப்பனவு வரும். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளி ஆசிரியர்களின் கொடுப்பனவை மாதம் 1,000 ரூபாவால் உயர்த்துவதாக அறிவித்தபோது எங்களுக்கு வாழ்த்துச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

2020இல் அரசாங்கம் ஐம்பதினாயிரம் வரையான பட்டதாரிகளை, மாதம் 20,000 ரூபாக் கொடுப்பனவில், ஓராண்டுப் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒரு தங்கச்சி, கொரோனா முடக்கம் தளர்ந்த காலத்தில், எங்கள் முன்பள்ளிக்கு உதவியாக அனுப்பப்பட்டார். வணிகம் படித்தவர், சின்னப் பிள்ளைகளோடு பழகியவரல்லர். ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைக் கடித்தால் முதலில் யாரைத் தூக்குவது, சாப்பிட மறுக்கும் பிள்ளையின் கோப்பையை எப்போது எடுத்துவிடுவது, புளியங்கொட்டையைப் பரப்பி எண்ணப் பழக்கும்போது அது மூக்குக்குள் போகாமல் எப்படிக் கண் வைத்திருப்பது என்பதையெல்லாம் எங்கள் மூத்த ஆசிரியையே அவருக்குப் பழக்கினார். அந்தத் தங்கச்சியும் கெட்டிக்காரி, விரைவிலேயே பிடித்துக்கொண்டார். நிரந்தர நியமனம் கைக்கு வந்ததும் ஓர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். அவர் ஊட்டினால் மட்டும் வாய் திறக்கும் பையன் ஒருவன் இருந்தான். அவர் போன பிறகு அவன் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த ரீச்சர் வரட்டும்" என்று புத்தகப் பையைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பான்.

பட்டதாரிகளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நிரந்தர வேலை கிடைத்தால் நானும் போயிருப்பேன். என் மனத்தாங்கல் வேறு. வேலை பழக வந்தவருக்கு மாதம் 20,000 கிடைத்தது. பழக்கிக் கொடுத்தவருக்கு, பெற்றோர் தந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அதில் பாதிகூட இல்லை. இருவரும் ஒரே பாயில் இருந்து ஒரே பிள்ளைகளைப் பார்த்தார்கள்.

இப்படி நடப்பதற்கு நிர்வாகத்திலேயே காரணம் இருக்கிறது. முன்பள்ளிகளின் முகாமையை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைகளுடையது. இத்தகைய பாரிய பயிலுநர் ஆட்சேர்ப்போ மத்திய அரசாங்கத்தினுடையது. சங்கம் நடத்தும் முன்பள்ளிக்கென்று அரச ஆளணியில் ஒரு பதவிதானும் இல்லாதபோது, பயின்று முடித்தவர் அங்கே தங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அயர்லாந்தில், நீண்டகாலம் வேலையில்லாதவர்களைச் சமூக அமைப்புகளில் பகுதிநேரமாக அமர்த்தி 1994 முதல் நடக்கும் சமூக வேலைவாய்ப்புத் திட்டத்திலும் ஆட்கள் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வருகிறார்கள், வாரத்துக்கு 19.5 மணித்தியாலம் வேலை செய்கிறார்கள். ஆனால் அங்கே சிறு பிள்ளைகளைப் பராமரிப்பவர் அந்நாட்டுத் தகைமை வரிசையில் குறைந்தது ஐந்தாம் நிலைத் தகைமை பெற்றிருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டாயப்படுத்துவதால், பிள்ளைப் பராமரிப்புக்கு வரும் பயிலுநர் அந்தத் தகைமையை நோக்கியே பயிற்றப்படுகிறார். திட்டத்தை விட்டு விலகினாலும் அந்தத் துறையிலேயே வேலை தேடலாம். எங்களிடம் வந்த தங்கச்சி பிள்ளைகளிடம் பழகியது எதுவும் அவருடைய இப்போதைய மேசைக்கு உதவாது. வெளிநாட்டைக் காட்டி உள்நாட்டைத் தாழ்த்துகிறேன் என்று நினைப்பவர்கள், அயர்லாந்தின் பணத்தை நான் கேட்கவில்லை, பயிற்சிக்கும் வேலைக்கும் இடையிலான தொடர்பைத்தான் கேட்கிறேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கும் அதற்கு ஒரு வழி உண்டு. தேசிய தொழில்சார் தகைமையை, வகுப்புக்குப் போகாமலே, செய்துவந்த வேலையை மதிப்பிட்டு வழங்கும் முறை இருக்கிறது. எங்கள் மூத்த ஆசிரியை அதற்குத்தான் விண்ணப்பித்தார். சேவைக் கடிதத்தோடு ஆரம்ப காலத்து வரவுப் பதிவேட்டையும் கொண்டுவரும்படி ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் நிலாவெளிக் கரையில் கடல் எதையெல்லாம் கொண்டுபோனது என்பது இந்த மாவட்டத்தில் உத்தியோகம் பார்ப்பவருக்குத் தெரியாததா? பதிவேடு சுனாமியோடு போய்விட்டது என்றதற்கு, அதை உறுதிப்படுத்த இன்னொரு கடிதம் கேட்டார்கள். அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்த பிள்ளைகளில் சிலர் இன்று தங்கள் பிள்ளைகளை அவரிடமே கொண்டுவந்து விடுகிறார்கள்; அதைச் சான்றாக ஏற்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

ஆகவே, பயிலுநரைக் கேட்டுக் கடிதம் எழுதும்போது, குறைந்தது ஒரு பாடசாலை ஆண்டு முடியும் வரை அவரை மாற்றக் கூடாது என்பதை முதல் வேண்டுகோளாக எழுதுங்கள். அவர் வந்ததும், உங்கள் ஆசிரியையின் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். அவர் நிற்கும் காலத்தில் உங்கள் ஆசிரியையை வாரத்தில் ஒரு நாளாவது விடுவித்து, தகைமை மதிப்பீட்டுக்கோ திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் வகுப்புக்கோ அனுப்புங்கள். சேவைக் கடிதத்தைச் சங்கத்தின் இப்போதைய தலைவியிடம் இன்றே ஒப்பமிடுவித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் பெற்று, பிரதியொன்றை ஆசிரியையின் வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.