சோல் இசையில் உங்களுக்கு மிகவும் பிடித்த கிட்டார் கலைஞர் யார், ஏன்?

கர்டிஸ் மேஃபீல்ட். யோசிக்கவே வேண்டியதில்லை. நன்றாகக் கிட்டார் வாசித்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் நிறையப் பேர் உண்டு. ஆனால் வாசிப்பு, எழுதிய பாட்டு, குரல், குழுவை நடத்திய விதம் என எல்லாவற்றிலும் ஒரே மனிதர் தெரிவது எனக்கு இவரிடம்தான். எங்கேயும் அதட்டாதவர். அதே சமயம், சொல்ல வேண்டியதை விழுங்கியவரும் இல்லை.

1942-இல் சிகாகோவில் பிறந்தார். வறுமையான வீடு, பாட்டியின் சர்ச்சில் பாட்டு. கிட்டாரைத் தானாகவே கற்றுக்கொண்டார். பியானோவின் கறுப்புக் கட்டைகளில் கை பழகியிருந்ததால், கிட்டாரையும் அந்தச் சுரங்களுக்கே சுருதி சேர்த்துவிட்டார். நம் கணக்கில் நாலரைக் கட்டை. அதை ஆதார ஷட்ஜமாக வைத்துக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகனம் வரும் இல்லையா, அதேதான். தடித்த தந்தியிலிருந்து வரிசையாகச் சொன்னால் ச க ப ச க ச. வழக்கமான கிட்டாரில் விரல் வைக்காமல் மீட்டினால் ஒழுங்கான கார்டு, அதாவது இசைந்து சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, எதுவும் கிடைக்காது. இவருடையதில் சும்மா மீட்டினாலே முழு மேஜர் கார்டு ஒலிக்கும். பிக் எனும் மீட்டுத் தகடு இல்லாமல் விரலாலேயே மீட்டுவார். வேறு யாராவது அந்தக் கிட்டாரைக் கையில் வாங்கினால் எந்தச் சுரம் எங்கே என்று தடுமாற வேண்டியதுதான்.

தன் பாட்டுக் குழுவான இம்ப்ரெஷன்ஸோடு 1965-இல் பாடிய 'பீப்பிள் கெட் ரெடி'யைக் கேளுங்கள். ஒரு வரி பாடி முடித்ததும் இரண்டு தந்திகளைச் சேர்த்து ஒரு சின்னப் பிடி பிடித்து, உடனே விலகிவிடுவார். நடுவே வரும் தனி வாசிப்பும் சில நொடிகள்தான். இந்த மென்மையான பாணி ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை எவ்வளவு பாதித்தது என்பது அவருடைய 'லிட்டில் விங்' பாட்டின் தொடக்கத்தைக் கேட்டாலே புரியும். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் கூட்டங்களில் மேஃபீல்டின் பாட்டுகளைச் சேர்ந்து பாடினார்கள். 1967-இன் கடைசியில் வந்த, கறுப்பினப் பெருமையைப் பாடும் 'வி ஆர் எ வின்னர்' பாட்டைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன.

இன்னொன்றும் முக்கியம். எழுதியவனுக்குப் பாட்டின் உரிமை தங்காத காலம் அது. இவரோ இருபது வயதை ஒட்டியே பாட்டுரிமைக்கான சொந்தப் பதிப்பு நிறுவனம் தொடங்கிவிட்டார். 1968-இல் கர்டம் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம். 1970-இல் குழுவை விட்டு வந்து தனியாகப் பாடத் தொடங்கினார்.

அப்புறம் 1972-இல் 'சூப்பர் ஃப்ளை' திரைப்படத்துக்கு இசை. படத்தின் நாயகன் கோகெய்ன் விற்பவன், படம் அவனை அழகாகக் காட்டுகிறது. மேஃபீல்டின் பாட்டுகள் அந்தத் தொழில் யாரை அழிக்கிறது என்று கேட்கின்றன. கதையில் செத்துப்போகும் ஃப்ரெடி என்ற பாத்திரத்துக்கான பாட்டு படத்தில் வெறும் வாத்திய இசையாகத்தான் வரும். இசைத்தட்டில்தான் வரிகள் உண்டு. படத்துக்கு இசையமைத்துக்கொண்டே படத்தோடு வாதாடியவர் என்று இவரைத்தான் சொல்வேன். அந்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

1990 ஆகஸ்ட் 13, புரூக்ளினில் திறந்தவெளிக் கச்சேரி. பலத்த காற்றில் விளக்குக் கம்பம் அவர் மேல் சாய்ந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. கிட்டார் அன்றோடு போயிற்று. ஆனாலும் 1996-இல் 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' ஆல்பத்தைப் பாடினார். மூச்சு போதாததால் மல்லாந்து படுத்தபடி, ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவு செய்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அதை என்னால் பின்னணி இசையாக ஓடவிட முடிந்ததில்லை. 1999 டிசம்பர் 26 அன்று காலமானார்.

புதிதாகக் கேட்பவர்கள் 1971-இல் வந்த 'கர்டிஸ் லைவ்' ஆல்பத்தில் தொடங்கலாம். நியூயார்க்கின் பிட்டர் எண்ட் என்ற சிறிய அரங்கில் பதிவானது. பெரிய வாத்தியக் கூட்டம் கிடையாது: இரண்டு கிட்டார், பாஸ், டிரம்ஸ், மாஸ்டர் ஹென்றி கிப்சனின் காங்கா என்ற கைமேளம். ஹெட்போனில் கேளுங்கள். தலைவர் என்று யாரும் முன்னே வந்து நிற்க மாட்டார். பாட்டுக்கு நடுவே மேஃபீல்ட் கூட்டத்தோடு மெதுவாகப் பேசுவார், மற்ற நால்வரும் அவர் சத்தத்துக்கு ஏற்பத் தங்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.