மாமனுக்கு வந்த ஆபத்து மருமகனுக்கும் வருமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். மும்பை தாராவியில் இருக்கிறோம். 2021 ஏப்ரலில் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா. 66 வயது அம்மாவுக்கு சுகர் உண்டு. மார்ச்சில் முதல் ஊசி போட்டிருந்தார். இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விட்டது. 34 வயது அண்ணனுக்கு சுகர், பிரஷர் கிடையாது, கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். அவர் பன்னிரண்டு நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தார். போன மாதம் என் 11 வயது மகனுக்கு ஹெச்1என்1 ஃப்ளூ (பன்றிக் காய்ச்சல்) வந்து ஐந்து நாளில் தேறிவிட்டான். ஆனால் "மாமன் உடம்புதான் இவனுக்கும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு எனக்குத் தூக்கமே போய்விட்டது. எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு விளம்பரம் வந்தது. செய்யலாமா? – ஒரு வாசகி

பதில்: அந்த எச்சில் பரிசோதனை வேண்டாம், அம்மா. ஆனால் உங்கள் பயத்தை வெறும் பயம் என்று தள்ளவும் மாட்டேன்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: அம்மா மார்ச்சில் ஊசி போட்டுக்கொண்டார். அண்ணன் வயதுக்காரர்களுக்கு மே மாதம்தான் ஊசி திறந்தது. உடல் பருமனும் கொரோனாவைக் கடுமையாக்கும் என்று நன்றாகவே தெரியும். அம்மா தப்பியதற்கும் அண்ணன் படுத்ததற்கும் பெரும்பகுதி விளக்கம் இங்கேயே இருக்கலாம்.

சரி, மரபணுவுக்கு வருவோம். மரபணுக்கள் அடுக்கியிருக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். அதில் மூன்றாவதில் ஒரு துண்டு சிலரிடம் இருக்கிறது. அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தாலிடமிருந்து நமக்கு வந்தது என்று 2020-இல் சீபெர்க், பாபோ என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். அது இருந்தால் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுகிறது. தெற்காசியாவில் பாதிப் பேரிடம் அது உண்டு. ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினாறு பேரிடம். அதே நியாண்டர்தாலிடமிருந்து வந்த இன்னொரு துண்டு, பன்னிரண்டாவது குரோமோசோமில், ஓரளவு காக்கவும் செய்கிறது. விளம்பரக்காரர்கள் பெரும்பாலும் இந்த மாதிரித் துண்டுகளைத்தான் பார்ப்பார்கள். "இருக்கிறது" என்று தாள் வந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் தெருவில் பாதிப் பேருக்கும் அதே தாள்தான் வரும். அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே தேறியவர்கள்.

அரிதான வேறொரு வகை இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரிசையாக வீடுகள் இருக்கும் சாலில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் முதலில் பார்த்தவர் கூச்சல் போடுவார் இல்லையா? வைரஸ் நுழைந்ததும் செல்கள் போடும் அந்தக் கூச்சல்தான் இன்டர்ஃபெரான். அதை எழுப்பும் மரபணு ஒன்று பழுதானால், எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்வதற்குள் நுரையீரல் போய்விடலாம். ஃப்ளூவிலும் இது தெரிந்த விஷயம். ஐஆர்எஃப்7 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகி, ஒரு சிறுமிக்கு ஃப்ளூ உயிரைத் தொடும் அளவுக்குப் போனதை 2015-இல் விவரித்தார்கள். இப்படி அம்மா, அப்பா இரு பக்கமிருந்தும் வரவேண்டிய பழுதுகள், அத்தை மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் சற்று அதிகம் வெளிப்படும். உங்கள் பெற்றோர் அப்படியா என்று எழுதவில்லை. டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்டர்ஃபெரானை எழுப்பும் இன்னொரு மரபணு டிஎல்ஆர்7. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நெதர்லாந்தில் ஆரோக்கியமாக இருந்த நான்கு இளைஞர்கள், இரண்டு ஜோடி அண்ணன் தம்பிகள், 2020-இல் கொரோனாவில் மோசமானபோது இந்தப் பழுது தெரியவந்தது. ஆண்களுக்கு ஒரே எக்ஸ்தான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. ஆகவே மாமனிடம் இருப்பது மருமகனிடமும் இருக்கலாம் என்ற வீட்டுப் பேச்சில் ஓர் இழை உண்மை உண்டு. கணக்கைப் பாருங்கள். கொரோனாவில் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன அறுபது வயதுக்குக் கீழான ஆண்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரிடம்தான் இந்தப் பழுது கண்டார்கள். அண்ணனிடம் இருந்தாலும், அதே அம்மாவிடமிருந்து உங்களுக்கும் வந்திருக்க பாதி வாய்ப்பு, உங்களிடமிருந்து மகனுக்கு மறுபடி பாதி. எல்லாம் பெருக்கினால் இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. மகனோ ஹெச்1என்1-ஐ ஐந்தே நாளில் கடந்து வந்திருக்கிறான். ஃப்ளூவைப் பொறுத்தவரை இது ஒரு நல்ல சாட்சி.

பார்ப்பதாக இருந்தால் அண்ணனிடமிருந்துதான் தொடங்க வேண்டும், பையனிடமிருந்து அல்ல. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே நிமோனியா, காது சீழ் என்று திரும்பத் திரும்ப வந்ததா? குடும்பத்தில் வேறு ஆண்கள் இளம் வயதில் தொற்றில் இறந்தார்களா? ஆம் என்றால் நோயெதிர்ப்புக் குறைபாட்டு மருத்துவரைப் பாருங்கள். பரேலில் கேஇஎம் மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும் தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனத்தில் பிறவி நோயெதிர்ப்புக் குறைகளைப் பார்க்கிறார்கள். தாராவியிலிருந்து எட்டும் தூரம்தான்.

மகனுக்கு வருடம் ஒருமுறை, மழைக்காலம் தொடங்குமுன், ஃப்ளூ ஊசி போடுங்கள். மறுபடி ஃப்ளூ மாதிரிக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் காட்டி, மாமன் கதையையும் சொல்லுங்கள். ஃப்ளூவுக்கான ஒசல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மூச்சு வேகமாகி விலா உள்ளே இழுத்தாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

அண்ணனிடம் அந்தச் சின்ன வயது விவரங்களைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.