சைக்கிளைப் பற்றியும் எழுதுகிறான், சிரிப்பு நாடகமும் எழுதுகிறான்

ஜூன் மழை பிடித்துவிட்டதால் அன்று பால்வெட்டு இல்லை. அதனால்தான் அந்த அப்பாவால், பையனை என்ன படிக்க வைப்பது என்று கேட்க என்னிடம் வர முடிந்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வெட்டுக்குப் போகிற அப்பா, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிற அம்மா, நடுவில் தலையைக் குனிந்தபடி பையன். பிளஸ் டூ முடித்துவிட்டான். நீட் எழுதி 720க்கு 231 வாங்கியிருக்கிறான். மஸ்கட்டில் இருக்கிற தாய்மாமன் தினமும் ராத்திரி வீடியோ காலில் வந்து, "இன்னும் ஒரு வருஷம் கோச்சிங் போடு, கிடைக்கலைன்னா ஜார்ஜியாவுக்கு அனுப்புவோம், அம்பது சென்ட் ரப்பர் இருக்கில்லா, அதை வச்சு லோன் எடு" என்கிறாராம்.

"இவன் ஒண்ணும் கேக்க மாட்டேங்கான் சார். நோட்டுல எழுதிட்டே இருக்கான். சைக்கிளைப் பத்தி எழுதுதான், நாடகம் எழுதுதான். நீங்க ஒண்ணு சொல்லிப் பாருங்க" என்றார் அப்பா.

வழக்கமாக இந்த இடத்தில் நான் நாலு ஆறுதல் வார்த்தை சொல்வேன். ஒரு வருஷம் ஒன்றும் பெரிதில்லை, பிள்ளை நன்றாக வருவான் என்று. அன்றும் ஆரம்பித்தேன். அதற்குள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டேன்.

இருநூறு பக்க நீள நோட்டு. முன்பக்கத்திலிருந்து சைக்கிள் பந்தயம், பின்பக்கத்திலிருந்து நாடகம். சைக்கிள் பகுதியில் 'டூர் டி பிரான்ஸ்' என்ற பிரான்ஸ் நாட்டுப் பந்தயத்தின் கதை. 1903ல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகவே தொடங்கிய பந்தயம் அது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது, முதலிடத்தில் இருப்பவரின் மஞ்சள் சட்டைக்கும் அதுதான் காரணம் என்று சொல்வார்கள். இதையெல்லாம் எழுதிவிட்டு, கூட்டமாகப் போகும்போது முன்னால் இருப்பவன் காற்றைக் கிழிக்கிறான், பின்னால் இருப்பவன் கால் வலி தெரியாமல் ஒட்டிக்கொண்டு போகிறான் என்பதற்கு, திருவட்டாறு ரோட்டில் அரசுப் பேருந்தின் பின்னால் தான் சைக்கிள் மிதித்த அனுபவத்தைச் சொல்கிறான். (அதைச் செய்யாதே என்று தனியாகத் திட்டினேன்.) நாடகம், கிறிஸ்துமஸுக்குச் சபையில் போட்டது. மூன்று ஞானிகளும் வழி கேட்டு மார்த்தாண்டம் மேம்பாலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் என்னை நிறுத்தியது எழுத்து இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் அவனே திருத்தியிருந்தான். மேலே 'பெலட்டன்', கீழே 'பெலோட்டான்' என்று, பந்தயத்தில் சேர்ந்து போகும் கூட்டத்தைக் குறிக்கிற ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதியதை வட்டம் போட்டு, ஓரத்தில் 'ஏதாவது ஒண்ணு' என்று குறித்திருந்தான். நாடகத்தில் ஒரு வசனத்தை அடித்துவிட்டு, 'இங்க ஆள் சிரிப்பாங்க, அடுத்த வசனம் கேக்காது, கொஞ்சம் தள்ளிப் போடு' என்று எழுதியிருந்தான். கேட்டபோது அம்மா இன்னொன்றும் சொன்னார். சபை ஆண்டு விழா நோட்டீஸில் ஏழு பிழை கண்டுபிடித்து, அச்சகத்துக்கே திருப்பிக் கொண்டு போனானாம். "மானம் போச்சு சார்" என்றார்.

அதனால் இதை எல்லாப் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், மஸ்கட் மாமாவும் படிக்கட்டும்.

முதலில் ஜார்ஜியா. வெளிநாட்டில் மருத்துவம் என்றால் குறைந்தது 54 மாதப் படிப்பு, பிறகு அங்கேயே பன்னிரண்டு மாதம் பயிற்சி. திரும்பி வந்தால் தகுதித் தேர்வு. அதில் தேறினால் இங்கே மறுபடி ஒரு வருடம் பயிற்சி. தடங்கல் இல்லாமல் போனாலே ஆறரை வருடம். உள்ளூர் ஏஜென்ட் முதல் வருடக் கட்டணத்தை மட்டும்தான் பெரிய எழுத்தில் போடுவார். மருத்துவராக வேண்டும் என்று ராத்திரி தூக்கத்தில்கூட நினைக்கிற பிள்ளை இருக்கிறது, அதற்கு நானே வழி தேடித் தருவேன். இந்தப் பையனிடம் நான் கேட்டேன், "மக்களே, உனக்கு டாக்டர் ஆகணுமா?" அவன் அம்மாவைப் பார்த்தான். பதில் அதுதான். விருப்பமில்லாத பிள்ளையின் படிப்புக்கு அந்த அம்பது சென்டை வைப்பது கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன். ரப்பர் விலை ஏறும் இறங்கும், மரம் நின்றால் பால் வரும். அடகில் போன நிலம் அப்படியில்லை.

இரண்டாம் வருட கோச்சிங்கும் வேண்டாம். பொறியியல், நர்சிங், பார்மசி எல்லாம் உங்கள் தெருவிலேயே நாலு பேர் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ எழுத்து சோறு போடுமா சார்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. போடாது. நம் குமரி மாவட்டத்து எழுத்தாளர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக்கடை இருந்தது. தேங்காய்ப்பட்டணத்து தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தார். தேரூர் கவிமணி பள்ளி ஆசிரியர். அந்த ஒரே மனிதர்தான் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிற நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி முறையைச் சிரிக்கச் சிரிக்கக் குத்திப் பாடினார், பாரசீகக் கவி உமர் கய்யாமைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார், கல்வெட்டு ஆராய்ந்தார். இந்தப் பையன் தன் நோட்டில் குறித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் திரிஸ்தான் பெர்னாரும் அப்படித்தான். படித்தது சட்டம், நடத்தியது சைக்கிள் பந்தய அரங்கம், பேர் வாங்கிக் கொடுத்தது சிரிப்பு நாடகம். நடுவில் குறுக்கெழுத்துப் புதிர் வேறு. ஆகவே சைக்கிளும் நாடகமும் ஒரே மண்டையில் இருப்பதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

சோறு போடுவது எழுத்தைச் சுற்றியிருக்கிற தொழில். நம் ஆட்கள் யாரும் பிள்ளைக்குச் சொல்லாத தொழில், புத்தகப் பதிப்பில் பிரதி திருத்துகிற வேலை. நாகர்கோவில்காரர்களுக்கு இது தெரியாமல் இருப்பதுதான் வேடிக்கை. 1988ல் தொடங்கிய காலச்சுவடு இதழும் அதன் பதிப்பகமும் இந்த ஊரிலிருந்துதான் வருகின்றன. நாம் கே.பி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறோம், பக்கத்துக் கட்டடத்தில் புத்தகம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

அந்த வேலை என்ன? ஆசிரியர் கையெழுத்தாகவோ கம்ப்யூட்டரிலோ ஒரு பிரதி தருகிறார். பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது சில எழுத்து உடையும். ஸ்கேன் செய்து எடுத்த பழைய புத்தகம் என்றால் கால் எழுத்து ('ா') 'ர' ஆகும், 'ர' கால் ஆகும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதைப் பிடிப்பது முதல் வேலை. அப்புறம் ஒற்று மிகுமா மிகாதா. அப்புறம் பெயர்கள். சைக்கிள் பந்தயப் புத்தகம் என்றால் நூறு பிரெஞ்சுப் பெயர் வரும். 'டூர் டி' என்பதா 'தூர் த' என்பதா, முதல் பக்கத்தில் முடிவெடுத்து முன்னூறாம் பக்கம் வரை அதையே காப்பாற்ற வேண்டும். அதற்கு ஒரு தனித்தாளில் எல்லாச் சொல்லையும் எழுதி வைத்துக்கொள்வார்கள். பையனின் 'ஏதாவது ஒண்ணு' அந்தத் தாளின் முதல் வரி, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அதே மேஜைக்கு ஒரு சிரிப்பு நாடகம் வரும். அங்கே இலக்கணம் பார்த்துத் திருத்தினால் ஆள் காலி. பேசுகிறவன் கொச்சையாகப் பேசினால்தான் அவன் அவன். மூன்று புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் சிரிப்பு செத்துவிடும். பாத்திரம் மேடைக்கு வருவதற்கு முன்பே பேசிவிட்டதா, போன காட்சியில் செத்தவன் இந்தக் காட்சியில் டீ குடிக்கிறானா என்றும் பார்க்க வேண்டும். வாய்விட்டுப் படித்துத்தான் திருத்த முடியும். அதற்கடுத்து ஒரு சமையல் நூல், ஒரு வரலாறு. பலதிலும் மனசு போகிற பிள்ளைக்கு வேறு எங்கே இப்படி ஒரு மேஜை கிடைக்கும்?

பிறகு பக்க வடிவமைப்பு. இன்டிசைன் மென்பொருள் கற்றவனுக்குத் திருத்தமும் தெரிந்தால் கிராக்கி. பெரும்பாலும் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று கணக்கிட்டு அச்சுக்குப் போகும். புத்தகம் 162 பக்கத்தில் முடிந்தால், அந்த இரண்டு பக்கத்தை எங்கே சுருக்குவது என்று மண்டையை உடைக்க வேண்டும். பின்னட்டைக் குறிப்பு, கடைசியில் சொல்லடைவு, புத்தகத்தை அடையாளம் காட்டுகிற பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண் வாங்குவது (இந்தியாவில் அதற்குக் கட்டணம் இல்லை), எல்லாம் இந்த வேலையில் வரும். ஜனவரி சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு முன்னால் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் தூக்கம் இருக்காது.

நம் மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கைமுதல் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். இந்தப் பையனின் பாட்டி இன்றும் மலையாளத்தில்தான் ஜெபம் பண்ணுகிறார். அவனுக்கு மலையாளம் காதால் வரும், எழுத்தும் ஓரளவு வாசிக்கிறான். மலையாளத்திலிருந்து தமிழுக்கு வருகிற பிரதியை மூலத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவன் என்றால், பதிப்பகத்தில் அவன் நாற்காலி வேறு.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் குறைவு. வீட்டிலிருந்தபடி பக்கக் கணக்கில் செய்தால் பணம் தாமதமாகவும் வரும். நாலைந்து வருடம் கை பழக வேண்டும். அதனால்தான் படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள் என்று அடித்துச் சொல்கிறேன்.

படிப்பு என்று பார்த்தால், பி.ஏ. தமிழோ ஆங்கிலமோ போதும். அதற்கு மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரியும், நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் இந்துக் கல்லூரியும் இருக்கின்றன. கோணத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் இருக்கும், சுயநிதிப் பிரிவும் இருக்கும். வாசல் ஒன்று, ரசீது வேறு. உதவி பெறும் பிரிவா என்று வாயைத் திறந்து கேட்டு, அதற்கே விண்ணப்பியுங்கள். இந்தப் பையன் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன், ஆகவே கல்லூரி மாணவர்களுக்கான அரசின் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் ஆகும். பட்டம் முடிந்த பிறகு வேண்டுமானால் இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் புத்தகப் பதிப்புக்கென்றே முதுநிலைப் பட்டயம் இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் படிக்கலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய புத்தகங்களின் பக்கப் படம் ஒரு பக்கமும், கணினி படித்த எழுத்து மறுபக்கமுமாக இருக்கும். ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. தன் பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது. இந்தத் தொழிலின் முதல் பாடமே அது. காசு கிடையாது, செலவும் கிடையாது. தினமும் இரண்டு பக்கம் என்றேன்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மச்சினன்கிட்ட என்ன சொல்லதுக்கு சார்?" என்றார். எழுத்தாளர் என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள், ஜார்ஜியாவுக்கும் பி.ஏ.வுக்கும் ஆகிற இரண்டு செலவுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, வீடியோ காலில் காட்டுங்கள் என்றேன். அவரும் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் கையெழுத்து உங்களுடையது, நிலமும் உங்களுடையது. கோச்சிங் சென்டரில் இடம் பிடித்து வைக்க முன்பணம் கேட்கிறார்களாம், அதைக் கட்டாதீர்கள். அசல் சான்றிதழையும் எங்கேயும் கொடுத்து வைக்காதீர்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் நாகர்கோவிலில் பக்க வடிவமைப்பு செய்கிறார். அவரிடமிருந்து ஒரு நாடகப் புத்தகத்தின் பதினாறு பக்க மெய்ப்பை (அச்சுக்கு முன் பிழை பார்க்கிற தாள்) வாங்கி பையனிடம் கொடுத்தனுப்பினேன். நானும் ஒரு பிரதியில் குறித்து வைத்திருந்தேன், பதினாறு பிழை. செவ்வாய்க்கிழமை காலையில் அவன் சைக்கிளிலேயே வந்து கொடுத்துவிட்டுப் போனான். பத்தொன்பது குறித்திருந்தான். அதில் இரண்டு தவறான திருத்தம், வட்டார வழக்கை இலக்கணமாக்கிவிட்டான். மீதிப் பதினேழில் ஒன்று நான் விட்டது: மூன்றாம் காட்சியில் வெளியே போன மாமனார், திரும்பி வராமலே நாலாம் காட்சியில் தும்முகிறார்.