‘நான்’ என்று பேசுவது எழுத்தாளர் அல்ல

வணக்கம். வாசிப்புக் கூட்டத்தில் “இந்த எழுத்தாளருக்கு அம்மாவைப் பிடிக்காது” என்று சொன்னதும், “அது கதைசொல்லி, ஆசிரியர் இல்லை” என்று மறுத்தார்கள், குழம்பிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். சங்கடப்பட வேண்டாம். நானும் பல வருடம் அப்படித்தான் வாசித்தேன்.

கதைசொல்லி என்பது ஆசிரியர் உருவாக்கிய ஒரு குரல். அதுவும் ஒரு பாத்திரம்தான். இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“அம்மா ஜன்னலை அறைந்து சாத்தினாள். என் மேல் உள்ள வெறுப்புதான். என் புத்தகமெல்லாம் அதற்குள் நனைந்துபோயிருந்தது.”

வெறுப்பு என்று சொல்வது மகன். ஆனால் புத்தகம் ஏன் நனைந்தது? மழைச்சாரல் உள்ளே அடித்திருக்கிறது, அம்மா ஓடிவந்து சாத்தியிருக்கிறாள். மகனுக்குத் தெரியாத அதை நமக்குக் காட்ட, அந்தக் கடைசி வரியை அங்கே வைத்தவர் ஆசிரியர். இரண்டு பேரும் வேறு வேறு என்பது இந்த இடைவெளியில்தான் தெரியும். எனக்குக் கதை வாசிப்பதில் மிகப் பிடித்த இடமும் இதுவே. இப்படிப்பட்ட குரலுக்கு ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்று பெயர். விமர்சகர் வேய்ன் பூத் 1961இல் கொண்டுவந்த சொல்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் நோக்குநிலை. கதையை யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது அது. ‘நான்’ என்று இல்லாமல் ‘அவன்’ என்று படர்க்கையில் எழுதும்போதும், ஆசிரியர் விரும்பினால் எல்லாவற்றையும் அவன் கண் வழியாக மட்டும் காட்டலாம்.

அடுத்த கூட்டத்தில் “இந்தக் கதைசொல்லி அம்மாவை வெறுக்கிறான், ஆனால் கதை அவளை வெறுக்கவில்லை” என்று சொல்லிப் பாருங்கள்.