வெள்ளம் வடிந்ததும் யூரியா போடலாமா? மூழ்கிய நெல்லின் செல்லுக்குள் நடப்பது என்ன?

கேள்வி: முத்துப்பேட்டைக்கு வடக்கே கோரையாற்றுப் பாசனத்தில் எனக்கு ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நிலம். இந்தச் சம்பாவுக்கு நான்கு மாவில் பி.பி.டி. 5204, இரண்டு மாவில் சி.ஆர். 1009 சப் 1 என்று இரண்டு நெல் ரகங்களை நட்டிருந்தேன். நட்டு நாற்பது நாளில் அடைமழை பிடித்துக்கொண்டது. வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ள, எட்டு நாள் பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. நேற்றுத்தான் வடிந்தது. பி.பி.டி. வெளிறி, நெட்டையாக நீண்டு, சாய்ந்து கிடக்கிறது. பக்கத்திலேயே சி.ஆர். 1009 குட்டையாக, ஓரளவு பச்சையாக நிற்கிறது. உரக்கடைக்காரர் உடனே ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா வீசச் சொல்கிறார். வேளாண் அலுவலரோ, “செல்லெல்லாம் மூச்சுத் திணறியிருக்கிறது, பொறுங்கள்” என்கிறார். தண்ணீரிலேயே வளரும் நெல்லுக்கு மூச்சுத் திணறலா? வயலில் இன்னும் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடுவது ஏன்? பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், “இது எங்கள் பாடத்தில் வரும் செல்தானா?” என்று கேட்கிறாள்.

பதில்: ஐயா, அலுவலர் சொன்னதே சரி. இன்று யூரியா போடாதீர்கள். இப்போது போட்டால் அதை எடுத்துக்கொள்ள உங்கள் பயிரின் வேருக்குத் தெம்பு கிடையாது. பாதி காற்றில் போகும், மீதியில் பாசி கொழுக்கும்.

மகள் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அதே செல்தான். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த சின்னச் சின்ன அறைகளுக்கு வைத்த பெயர் அது. அவர் பார்த்தது செத்த செல்களின் வெற்றுச் சுவர்களை. உங்கள் நெல்லின் உயிருள்ள செல்லில் சுவருக்கு உள்ளே மெல்லிய சவ்வு இருக்கிறது, அதற்குள் உட்கரு, பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா, நடுவில் பெரிய நீர்ப்பையாக நுண்குமிழ் ஆகியவை இருக்கின்றன. நிமிர்ந்து நிற்பது, உரம் எடுப்பது, தூர் கட்டுவது என்று பயிர் செய்வதாக நாம் சொல்லும் எல்லாமே இந்த அறைகளுக்குள் நடப்பவைதான்.

இந்த வேலைகளுக்கு ஆற்றல் வேண்டும். இலை வெயிலில் சமைத்த சர்க்கரையை மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு எரித்து, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறாக மாற்றித் தருகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் மைட்டோகாண்ட்ரியாவின் அந்த வேலை நின்றுவிடும். செல் சர்க்கரையைப் புளிக்கவைத்துத்தான் பிழைக்க வேண்டும். அதில் கிடைப்பது வெறும் 2. முப்பது ரூபாய் வருமானத்தில் நடந்த குடும்பம் திடீரென்று இரண்டு ரூபாயில் நடக்க வேண்டும் என்றால் சேமிப்பிலிருந்துதான் எடுக்கும். செல்லும் கையிருப்பு மாவுச்சத்தை அள்ளி அள்ளிச் செலவழிக்கிறது. புளிப்பதில் உண்டாகும் எத்தனால் வெளியே கசிந்துவிடும் என்பதால் பெரிய ஆபத்தில்லை. கூடவே சேரும் அமிலம்தான் செல்லுக்குள் தங்கிக் கெடுதல் செய்கிறது.

‘நெல் தண்ணீரில் வாழும் பயிர்தானே?’ என்ற உங்கள் கேள்வி நியாயமானது. நெல்லுக்குத் தண்ணீரில் கால் வைத்து நிற்கத் தெரியும். தலை முழுகினால்தான் தடுமாறும். நல்ல தூர் ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். வெட்டிய வாயிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வரும். வேரின் நடுப்பட்டைக்கும் வெளித்தோலுக்கும் இடையிலிருக்கும் செல்களில் ஒரு பகுதி தாமாகவே செத்து இடம் விட்டுக் கொடுத்து, அங்கே நீளமான காற்றறைகள் உண்டாகின்றன. செடியே திட்டமிட்டுச் செய்யும் சாவு அது. இலை வாங்கும் காற்று அந்த வழியாக வேர் நுனிவரை இறங்குகிறது. நெல்வேரில் செங்காவி படிந்திருப்பதைக் கண்டு சிலர் நோய் என்று பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் பட்டு, சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதுதான் அது. வேர் மூச்சுவிடுகிறது என்பதற்குச் சாட்சி. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால்தான் கவலை. உங்கள் ஊருக்குத் தெற்கே அலையாத்திக் காட்டில் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களைப் பார்த்திருப்பீர்கள். இதே சிக்கலுக்கு அந்த மரம் கண்ட வழி அது.

ஆனால் இலை நுனியும் முழுகிவிட்டால் காற்று வரும் வழி அடைபடுகிறது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் பரவுவது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவு. முழுகிய முதல் சில நாள், தெளிந்த தண்ணீரில் நெல்லிலை வெள்ளி பூசியதுபோல் மின்னும். இலையின் மெழுகு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலம் அது. அது இருக்கும்வரை இலை கொஞ்சம் சுவாசிக்கும், வெளிச்சம் இருந்தால் கொஞ்சம் சமைக்கவும் செய்யும். நாளாக ஆக அந்தப் படலமும் போய்விடும். வெள்ளம் கலங்கலாக இருந்தால் வெளிச்சமும் கிடையாது. ஒரே அளவு நாள் முழுகினாலும் தெளிந்த தண்ணீரில் கிடந்த வயல் பிழைப்பதும், சேற்று வெள்ளத்தில் கிடந்தது அழிவதும் இதனால்தான். முழுகுவதற்குச் சற்று முன்பு தழைச்சத்து அதிகம் வாங்கிய பயிரும் சீக்கிரம் சாகும். இளந்தழையில் சர்க்கரைக் கையிருப்பு குறைவு.

இனி உங்கள் இரண்டு வயல்களின் கதை. எல்லாச் செடியும் எத்திலீன் என்ற வாயுவைச் சிறிதளவு வெளிவிடும். காற்றில் இருக்கும்போது அது பறந்துவிடும். தண்ணீருக்குள் வெளியேற வழியின்றித் திசுவிலேயே தேங்கும். எத்திலீன் கூடினால், ‘முழுகிவிட்டோம், எழுந்திரு’ என்பதுதான் சாதாரண நெல்லுக்குப் புரியும் செய்தி. உடனே ஜிப்ரெலின் ஹார்மோன் வேலையைத் தொடங்கும், செல்சுவர் தளரும், நுண்குமிழ் தண்ணீரை இழுத்து உப்பும், செல் நீளும். பி.பி.டி. நெட்டையானது இப்படித்தான். வெள்ளம் இரண்டு மூன்று நாளில் நின்றுவிட்டால் இந்த ஓட்டம் பலிக்கும். காட்டுயானம் போன்ற நம் உயரமான பழைய ரகங்களுக்கு இது கைகொடுத்திருக்கிறது. எட்டு நாள் நீடித்தால் கையிருப்பு முழுவதையும் நீளுவதிலேயே கரைத்துவிட்டுத் தண்ணீர் வடியும்போது நிற்க வலுவில்லாமல் சாய்கிறது. அதே எத்திலீன் இலையின் பச்சையத்தையும் சிதைக்கிறது; வெளுப்பு அதனால் வந்தது.

சி.ஆர். 1009 சப் 1 இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லிடம் வெள்ளத்தைத் தாங்கும் குணம் இருப்பது நெடுங்காலமாகத் தெரியும். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் அடையாளம் கண்டார்கள். இந்த மரபணு உள்ள செல்லில் எத்திலீன் வந்து தட்டினாலும் நீளும் வேலை நடப்பதில்லை. வளர்ச்சியை நிறுத்தி, சர்க்கரையையும் பச்சையத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு தண்ணீர் வடியும்வரை பொறுத்திருக்கும். இரண்டு வாரம்வரை இப்படித் தாக்குப்பிடிக்கும். இது மரபணு மாற்றுப் பயிரோ என்று பலர் என்னிடம் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். இல்லை. நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்த்து, மரபணு வந்திருக்கிறதா என்று குறியீடு வைத்துச் சோதித்துப் பொறுக்கி எடுத்த ரகம்தான்.

ஈரம் இருந்தும் வாடுவது ஏன்? இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொண்டு உரம் கொட்டுகிறார்கள். வேரின் செல்சவ்வில் தண்ணீர் நுழைவதற்கென்றே புரதத்தாலான நுண்துளைகள் உண்டு. செல்லுக்குள் அமிலம் கூடினால் அவை மூடிக்கொள்ளும். வேர் குடிக்காமல் இருக்க, மேலே எட்டு நாளாக வெயில் பார்க்காத இலை திடீரென்று காய்கிறது. இன்னொரு அடியும் உண்டு. மூச்சு முட்டிக் கிடந்த செல்லுக்குள் ஆக்சிஜன் ஒரேயடியாகத் திரும்பும்போது, அதில் ஒரு பங்கு வினைவேகம் மிக்க வடிவங்களாக மாறிச் சவ்வையே அரிக்கிறது. பல வயல்களில் பயிர் சாவது வெள்ளத்துக்குள் இல்லை, வடிந்த பிறகு வரும் முதல் சில நாளில்தான். சவ்வு பலவீனப்பட்டால் செல்லிலிருக்கும் சாம்பல்சத்தும் வெளியே ஒழுகிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். வயலை வெடிக்கும் அளவுக்கு ஒட்டக் காயவிடாதீர்கள். இலை வெளியே நிற்க, தரையில் விரலிடை அளவு தண்ணீர் சில நாள் இருக்கட்டும். இலையில் வண்டல் பூசியிருந்தால் தெளிப்பானில் வெறும் தண்ணீரை அடித்துக் கழுவுங்கள். பிறகு வயலின் நான்கைந்து இடங்களில் தூரைப் பிடுங்கி, அடிப்பகுதியை நெடுக்காகப் பிளந்து குருத்தைப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது, மேல் இலை முழுதும் கருகியிருந்தாலும் மீளும். பழுப்பாகக் கொழகொழத்துவிட்டால் அந்தத் தூரை மறந்துவிடுங்கள். பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் வயலை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

செத்த இடங்களில், அடர்த்தியான பகுதியிலிருந்து தூர் பிரித்து நடுங்கள். ஆனால் கைக்கு எட்டுகிறதே என்று சி.ஆர். 1009 தூரைப் பிடுங்கி பி.பி.டி. வயலில் செருகாதீர்கள். ஒன்று குண்டு நெல், மற்றொன்று சன்னம். கலந்துபோன நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக விலைக்குப் போட முடியாது. அறுவடைக்கு வரும் நாளும் வேறு.

புது வெள்ளை வேரும் ஒரு புதுக் குருத்திலையும் வருவதைக் கண்ட பிறகு உரத்துக்கு வாருங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அதற்குள் இலை பசேலென்று வரவில்லையே என்று தவித்தால், ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலையில் தெளிக்கலாம். வேர் ஓய்ந்திருக்கும்போது இலைவழி கொடுப்பதுதான் செல்லுக்குப் போய்ச் சேரும். இதோடு டி.ஏ.பி. கரைசலைச் சேர்க்காதீர்கள், துத்தநாகம் படிந்துவிடும். வேர் எழுந்ததும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோடு 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். வேளாண் துறை வெள்ளத்துக்குப் பின் சொல்லும் அளவு இது. ஒழுகிப்போன சாம்பல்சத்தைப் பொட்டாஷ் ஈடுகட்டும், ஜிப்சத்தின் சுண்ணாம்புச்சத்து செல்சுவரையும் சவ்வையும் கட்டும், வேப்பம்புண்ணாக்கு யூரியாவை ஒரே நாளில் வீணாகவிடாது. கடைக்காரர் சொன்ன ஏக்கருக்கு ஒரு மூட்டை (45 கிலோ) என்பது இதைப்போல் இரட்டிப்பு. மெல்லிய சுவரோடு கிடுகிடுவென்று வளரும் தழையைத் தேடி இலைச்சுருட்டுப் புழுவும் பாக்டீரியா இலைக்கருகலும் வரும். கருகல் நுனியிலிருந்து அலைஅலையாக இறங்கினால் யூரியாவை நிறுத்திவிட்டு, 20 சதவீதப் புதுச் சாணக் கரைசலை வடிகட்டித் தெளியுங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். சப் 1 ரகம் இருந்தால் வெள்ளப் பயமே இல்லை என்று சிலர் பேசுகிறார்கள். வளரும் பருவத்துப் பயிர் இரண்டு வாரம்வரை முழுகிக் கிடப்பதைத்தான் அது தாங்கும். பூக்கும் நேரத்தில் முழுகினாலோ, இடுப்பளவு தண்ணீர் மாதக்கணக்கில் நின்றாலோ அதுவும் கைவிடும். நேரடி விதைப்பில் முளைக்கும் முன்பே மழைத் தண்ணீர் தேங்கினாலும் அப்படித்தான். விதை வெள்ளையாகக் குருத்தை மட்டும் நீட்டும், வேர் விடாது. ஆடியில் எட்டிப் பார்க்காத தண்ணீர் கார்த்திகையில் போக மறுக்கும் கடைமடையில், வாய்க்கால் ஆகாயத்தாமரையை எடுக்காமல் எந்த மரபணுவை நம்பியும் பயனில்லை. புரட்டாசியிலேயே ஊர் சேர்ந்து மனுக் கொடுங்கள்.

மகளிடம் சொல்லுங்கள்: நெல்வேரைப் புதுப் பிளேடால் கண்ணாடிபோல் மெலிதாகக் குறுக்கே சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பள்ளி நுண்ணோக்கியில் பார்க்கட்டும். நடுப்பட்டைக்கும் வெளிவட்டத்துக்கும் இடையே பெரிய பெரிய வெற்றிடங்கள் தெரியும். மேட்டுக்கொல்லை உளுந்துவேரிலும் ஒரு சீவல் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அந்த வெற்றிடங்கள் இருக்காது. வாய்க்காலில் கிடைக்கும் வேலம்பாசியின் இலை ஒன்றை அப்படியே வைத்துக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால், பசுங்கணிகங்கள் செல்லுக்குள் நகர்ந்து சுற்றுவதையும் காணலாம்.

அடுத்த ஆண்டு விதைக்கு வெளியே அலைய வேண்டாம். சி.ஆர். 1009 சப் 1 வீரிய ஒட்டு இல்லை, உங்கள் நெல்லையே விதையாக வைக்கலாம். பி.பி.டி. வரப்பை ஒட்டிய ஓரத்தை விட்டுவிட்டு, நடுவயலில் கலப்புக் கதிர்களைக் களைந்து, அந்தப் பகுதியை மட்டும் தனியாக அறுத்துத் தனியாக அடித்துக் காயவையுங்கள்.