டேக் போட்டால் நிறம் மாறும் ஆப்: பணம் கட்டி வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். யார் தோட்டத்துக் காய், எத்தனை டன், யாருக்குப் பாக்கி என்பதையெல்லாம் செல்போனில் நோட்டாகப் போட்டு டேக் (வகை பிரிக்கும் அடையாளச் சொல்) கொடுத்து வைப்பேன். சீசனில் நோட்டுகள் குவிந்துவிடுகின்றன. ‘பாக்கி’ டேக் உள்ளவை தானாகவே சிவப்பாகத் தெரியும் என்று ஒரு ஆப் விளம்பரம் செய்கிறது. வருடத்துக்கு 1,500 ரூபாய், முதல் ஏழு நாள் இலவசம். வாங்கலாமா?

பதில்: அந்த ஏழு நாளில் நன்றாகச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதலில் ஒரு நோட்டுக்குப் ‘பாக்கி’ டேக் போடுங்கள், சிவப்பாகும். இப்போது டேக்கை எடுங்கள். சிவப்பு தானாகப் போக வேண்டும். போகாவிட்டால் அது வெறும் சாயம்தான். பணம் கொடுத்து முடித்த விவசாயியின் பெயர் சீசன் முழுக்கச் சிவப்பாகவே நிற்கும், நீங்களும் அவருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கணக்கு எழுதுகிறவருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை.

அடுத்தது, இரண்டு டேக் உள்ள நோட்டு. கூழ் ஆலைக்குப் போன பெங்களூரா ரக மாங்காய் லோடுக்கே பாக்கியும் இருந்தால் எந்த நிறம் வரும்? அதை நீங்களே வரிசைப்படுத்த வசதி வேண்டும். அப்புறம் டேக்கைத் தமிழில் அடித்துப் பாருங்கள். தமிழை முழுதாகப் புரிந்துகொள்ளாத ஆப்களில் ‘பாக்கி’ என்று அடித்தால் ‘ப’ மட்டும் டேக்காகி, மீதி வெறும் எழுத்தாக நிற்கும்.

இலவசமாகக் கிடைப்பவற்றையும் பார்த்துவிடுங்கள். கூகுளின் நோட்டு ஆப்பான கீப்பில் லேபிள் (அங்கே டேக்குக்கு அதுதான் பெயர்) வேறு, நிறம் வேறு. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது. ஆனால் ‘பாக்கி’ லேபிளைத் திறந்து, நோட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் சிவப்பாக்கிவிடலாம். மண்டியில் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் மைக்ரோசாப்ட் ஒன்நோட் போட்டுக்கொள்ளுங்கள். அதில் நீங்களே ஒரு டேக் உருவாக்கி எழுத்து நிறம், பின்னணி நிறம் இரண்டையும் அதோடு சேர்த்துவிடலாம். டேக் கொடுத்த வரி மட்டும்தான் நிறம் மாறும், பக்கம் முழுக்க மாறாது. டேக்கின் நிறத்தைப் பிறகு மாற்றினால் ஏற்கெனவே எழுதியவற்றில் அந்த மாற்றம் வராது. அதனால் நிறத்தை முதலிலேயே யோசித்து வையுங்கள். அப்சிடியன் என்ற நோட்டு ஆப்பும் இலவசம்தான். ஆனால் டேக்குக்கு நிறம் கொடுக்க சிஎஸ்எஸ் என்ற நிரல் நாலு வரி எழுத வேண்டும். அது தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முயலலாம்.

என்னைக் கேட்டால், உங்கள் வேலைக்குக் கீப்பே போதும். காசு கொடுத்துத்தான் வாங்குவது என்றால், மேலே சொன்ன மூன்று சோதனையிலும் அந்த ஆப் தேற வேண்டும். நோட்டுகளை டேக்கோடு வெளியே எடுத்துக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சந்தாவை நிறுத்தும் நாளில் கணக்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இலவச நாட்களுக்கே ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் பிடிக்க அனுமதி கேட்பார்கள். ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. ஆண்ட்ராய்டு போன் என்றால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ், சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்று போய் ரத்து செய்யுங்கள். ரத்து செய்த பிறகும் பணம் பிடித்து, திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.