எண்ணப்படுவது ஆளா, இணைப்பா?

மதிப்பிற்குரிய ஐயா,

நீலகிரி மாவட்டம் பந்தலூருக்கு அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். நாடுகளிடையே இணையப் பரவல் குறித்து மாணவர்களுக்குப் பாடம் எடுக்கத் தகவல் திரட்டினேன், குழப்பமே மிஞ்சியது. 2024 மார்ச் நிலவரப்படி இந்தியாவில் 95 கோடிக்கும் மேற்பட்ட இணையச் சந்தாக்கள் இருப்பதாகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கூறுகிறது. மக்கள்தொகையால் வகுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 68 வருகிறது. அதே ஆண்டில் உலக மக்களில் 68 சதவீதம் பேர் இணையத்தைப் பயன்படுத்தினர் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அப்போதைய மதிப்பீடு. அப்படியானால் நாம் உலகச் சராசரியை எட்டிவிட்டோம் என்று மாணவர்களிடம் சொல்லலாமா? தேசியக் குடும்பநல ஆய்வோ, இணையத்தை எப்போதாவது பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒருவர்தான் என்கிறது. என் மாணவர்கள் பலரின் வீட்டில் அப்பாவிடம் மட்டுமே ஸ்மார்ட்போன் உள்ளது. ஐந்து பேர் உள்ள அந்த வீட்டை ஒன்று என்று எண்ணுவதா, ஐந்து என்று எண்ணுவதா?

– ஒரு வாசகர், பந்தலூர்

அன்புள்ள நண்பருக்கு,

அவ்வாறு சொல்ல வேண்டாம். நீங்கள் அருகருகே வைத்த இரண்டு 68-களில் ஒன்று இணைப்புகளின் எண்ணிக்கை, மற்றொன்று ஆட்களின் விகிதம். அவை ஒத்துப்போனது தற்செயல்.

ஆணையத்தின் எண்ணிக்கை தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணக்கேடுகளிலிருந்து மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திரட்டப்படுவது. கேட்டவுடன் கிடைப்பதாலும் தனிச்செலவு இல்லாததாலும் செய்தித்தாள்கள் அதையே விரும்பி எடுத்தாள்கின்றன. ஆனால் அந்தக் கணக்கில் மனிதர் இல்லை, சிம் அட்டைதான் இருக்கிறது. உங்கள் பகுதியையே பாருங்கள். வீட்டில் ஒரு நிறுவனத்தின் சிக்னலும் எஸ்டேட்டில் இன்னொன்றின் சிக்னலும்தான் எடுக்கும் என்பதால் இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் மலையில் ஏராளம். வயநாட்டு எல்லையை ஒட்டி வாழ்வோர் சிலர் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்து எண்ணையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். இரண்டிலும் டேட்டா போட்டிருந்தால் அவர் இரண்டு சந்தாதாரர். அவற்றுள் ஒன்று கேரளத்தின் கணக்கில் சேரும். சிக்னல் சரியாகக் கிடைக்காத குறை, புள்ளிவிவரத்தில் பரவலின் வளர்ச்சியாகப் பதிவாகும் விந்தை இது. பல நாடுகளில் நூறு பேருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கைபேசி இணைப்புகள் இருப்பதற்கும் இதுபோன்ற காரணங்களே பெரிதும் பொறுப்பு.

கம்பிவழி அகலக்கற்றையில் (பிராட்பேண்ட்) பிழை எதிர்த்திசையில் நேர்கிறது. ஒரு வீட்டுக்குச் சராசரியாக நாலரைப் பேர் வாழும் நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் இணைப்பு இருந்தாலும் நூறு பேருக்கு 22 இணைப்புகளைத் தாண்டாது. வீட்டுக்கு இருவர் வாழும் நாட்டில் அதே முழுமை 50 என்று காட்டும். நூறு பேருக்கு எத்தனை இணைப்பு என்ற பட்டியலை வைத்து நாடுகளைத் தரவரிசைப்படுத்துவோர் பாதி இணையத்தையும் பாதி குடும்ப அளவையும் அளக்கிறார்கள் என்பேன். 1990-களில் இதைவிடவும் சங்கடம் இருந்தது: இணையத்தோடு பிணைந்த கணினிகளை அவற்றின் முகவரி ஈற்றைக் கொண்டு நாடுவாரியாக எண்ணினார்கள், டாட் காம் என்று முடியும் கணினி எந்த நாட்டில் இருக்கிறது என்பதை அந்த முகவரி சொல்லாது.

ஆட்களைக் கேட்டு எண்ணுவதே சரியான வழி. 1865-இல் தந்திப் போக்குவரத்துக்காகத் தொடங்கப்பட்டு இன்று ஜெனீவாவில் இயங்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், கடந்த மூன்று மாதங்களில் எந்த இடத்திலிருந்தாவது, எந்தக் கருவியின் வழியாகவாவது இணையத்தைப் பயன்படுத்தியவரைப் பயனர் என்று கொள்கிறது. கருவி யாருடையது என்பது பொருட்டல்ல. ஆகவே உங்கள் ஐந்து பேர் வீட்டுக்கான விடை ஒன்றும் அல்ல, ஐந்தும் அல்ல; ஒவ்வொருவரையும் கேட்ட பிறகே தெரியும். அப்பாவின் போனில் பாடக் காணொளி பார்க்கும் பிள்ளை பயனர்தான். பசுந்தேயிலை விலையைக் கணவர் சொல்லக் கேட்டு மட்டும் அறிந்துகொள்ளும் மனைவி பயனர் அல்லர்.

இந்த அளவுகோலுக்கும் குறைகள் உண்டு. வீடுவீடாகச் செல்லும் ஆய்வு செலவு மிக்கது; வறிய நாடுகள் பலவற்றில் அது ஆண்டுதோறும் நடப்பதில்லை. அத்தகைய இடங்களில் ஒன்றியம் தானே மதிப்பிட்டு நிரப்புகிறது. கேட்டறிந்த எண்ணும் மதிப்பிட்ட எண்ணும் அட்டவணையில் ஒரே தோற்றத்தில் அமர்ந்திருக்கும். வேறுபாட்டைக் காண அடிக்குறிப்பைத்தான் தேட வேண்டும். 2024-இல் வெளியான மதிப்பீட்டில் ஐரோப்பாவில் 91 சதவீதம், ஆப்பிரிக்காவில் 38 சதவீதம் என்று படிக்கும்போது முதல் எண்ணுக்குப் பின்னால் உள்ள ஆய்வுகளின் அடர்த்தி இரண்டாவதற்குப் பின்னால் இல்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கும் விதத்திலும் சிக்கல் உண்டு. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனத்தின் ஹெலானி கல்பாயா, இந்தோனேசியாவில் மக்களிடம் பேசியபோது, இணையத்தைப் பயன்படுத்துவதில்லை என்றவர்களே பேஸ்புக்கில் செலவிடும் நேரத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசியதைக் கவனித்தார். இணையமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு வாட்ஸ்அப் பார்ப்பவர்கள் நம் ஊரிலும் இருப்பார்கள். எனவே செயலிகளின் பெயரைச் சொல்லிக் கேட்பது அவசியம்.

இனித் தேசியக் குடும்பநல ஆய்வு. 2019–21 காலத்து ஐந்தாம் சுற்றில் பெண்களில் 33.3 சதவீதமும் ஆண்களில் 57.1 சதவீதமும் இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருந்தனர். வாழ்நாளில் ஒருமுறை போதும் என்ற இந்தக் கேள்வி, மூன்று மாத வரையறையைவிடத் தாராளமானது. அப்படிக் கேட்டும் பெண்களில் மூன்றில் ஒருவரே தேறினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த எண் பழையது, இன்று உயர்ந்திருக்கும். ஆயினும் சந்தாக் கணக்கில் இந்த இடைவெளி என்றைக்குமே தெரியாது, ஏனெனில் சிம் அட்டையின் சொந்தக்காரர் ஒருவர், கையாள்பவர் வேறொருவர்.

டவர் வந்துவிட்டால் இணையம் வந்துவிட்டது என்னும் பேச்சை மலை மாவட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். கைபேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சேவை எட்டாத இடங்களில் வாழ்வோர் உலக மக்களில் 4 சதவீதம். சேவை எட்டியும் கைபேசி இணையத்தைப் பயன்படுத்தாதோர் 39 சதவீதம். கருவியின் விலையும் எழுத்தறிவும் பழக்கமின்மையும் அந்தப் பெரிய பங்குக்குக் காரணங்கள். சேவை எட்டியதாகக் கணக்கிடுவதையும் மலையில் ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் நான்கு கோடும் அந்தப் பக்கம் ஒன்றுமில்லாததும் உங்களுக்குத் தெரிந்ததே.

மாணவர்களைக் கொண்டே ஒரு சிறு கணக்கெடுப்பு நடத்தலாம். கடந்த மூன்று மாதங்களில் பயன்படுத்தினீர்களா, யாருடைய கருவியில், வாரத்தில் எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகள் போதும். வீட்டுத் தலைவரிடம் எல்லோருக்குமாகக் கேட்டு எழுதிவிடாமல் அம்மாவையும் பாட்டியையும் தனித்தனியே கேட்கச் சொல்லுங்கள். வயதைத் தவறாமல் குறிக்கட்டும்: குடும்பநல ஆய்வின் பெண்கள் 15 முதல் 49 வயதினர் மட்டுமே, அந்த வயதினரைப் பிரித்தெடுத்து, அவர்களிடம் எப்போதாவது பயன்படுத்தியதுண்டா என்பதையும் கூடுதலாகக் கேட்டிருந்தால்தான் உங்கள் எண்ணை அந்த 33.3-உடன் ஒப்பிட இயலும்.